‘நான் பழைய ஆளாக இல்லை’: நோயும் தன்னடையாளமும்

புறநோயாளிகள் பிரிவில் மருந்துச்சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்த பிறகு, கதவருகே நின்று சிலர் எங்களிடம் ஒரு வாக்கியத்தைக் கூறுவதுண்டு: “புண் ஆறிவிட்டது, டாக்டர். ஆனால் நான் பழைய ஆளாக இல்லை.” உடன் வந்த மனைவியோ மகனோ அதையே வேறு விதமாகக் கூறுவர்: “இவர் முன்பு இப்படி இருந்ததே இல்லை.”

இரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேன் படத்திலோ இக்குறை தெரிவதில்லை. ஆயினும் அது மெய்யானது. மருந்தை ஒழுங்காக உட்கொள்வதும், உடற்பயிற்சியைத் தொடர்வதும், மீண்டும் வேலைக்குச் செல்லத் துணிவதும் பெரும்பாலும் இந்த உணர்வைச் சார்ந்தே அமைகின்றன. ஆகவே, ‘நான் யார்’ என்னும் உணர்வு மனிதரிடத்தில் எவ்வாறு உருவாகிறது, நோய் அதனை எவ்வாறு அசைக்கிறது, குடும்பத்தினர் என்ன செய்யலாம் என்பவற்றை இவ்விதழில் விளக்க முற்படுகின்றோம்.

தன்னடையாளம் என்பது என்ன?

எங்கள் பதிவு மேசையில் பெயர், வயது, முகவரி, தொழில் ஆகியவற்றைக் கேட்கின்றோம். ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் வாழ்வோருக்கு இக்கேள்விகள்கூட எளியவை அல்ல. வீட்டில் தெலுங்கு பேசுவோர், ஆலையில் தமிழிலும், அத்திப்பள்ளியைத் தாண்டியதும் கன்னடத்திலும் பேசுகின்றனர். உருது பேசும் குடும்பங்களும் இங்குப் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. தொழிற்பேட்டைகளில் வேலை செய்ய வெளிமாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்து விடுதிகளில் தங்கியுள்ள இளைஞரும் இளம்பெண்களும் மிகப் பலர். ஒருவரே காலையில் ஆபரேட்டர், மாலையில் தந்தை, ஞாயிற்றுக்கிழமை சொந்த ஊரில் விவசாயி மகன். இத்தனை மாற்றங்களுக்கிடையிலும் ‘இவை யாவும் நானே’ என்னும் தொடர்ச்சி அவரிடம் இருக்கிறது. பிறரும் அவரை அவ்வாறே அறிந்துகொள்கின்றனர். அகத்தில் உணரும் இந்தத் தொடர்ச்சியும், பிறர் அதனை ஏற்றுக்கொள்வதும் சேர்ந்ததையே தன்னடையாளம் என்கின்றோம்.

மருத்துவமனையில் வழக்குக்கு வந்த சொல்

‘அடையாள நெருக்கடி’ என்னும் சொல்லை இன்று பலரும் பயன்படுத்துகின்றனர். அது முதலில் நோயாளிகளைக் குறித்தே வழங்கியது என்பதைச் சிலரே அறிவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் போர்வீரர்களுக்கான மறுவாழ்வு மருத்துவமனை ஒன்றில் எரிக் எரிக்சன் என்னும் உளப்பகுப்பாய்வாளர் பணியாற்றினார். அங்கு வந்த வீரர்கள் சிலர் பித்துற்றவர்களும் அல்லர், நடிப்பவர்களும் அல்லர். நேற்றைய தமக்கும் இன்றைய தமக்கும் இடையே இருந்த தொடர்ச்சியை இழந்தவர்களாகவே எரிக்சன் அவர்களைக் கண்டார். அந்நிலையைக் குறிக்கவே இச்சொல் வழங்கியது.

1902ஆம் ஆண்டு ஜெர்மனியில் பிறந்த எரிக்சன், தம் உண்மைத் தந்தை யார் என்பதை இறுதிவரை அறியாதவர். வளர்ப்புத் தந்தையின் குடும்பப் பெயரோடு வளர்ந்தவர். அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோதே எரிக்சன் என்னும் பெயரைச் சூட்டிக்கொண்டார். இளமைப் பருவத்தில் தன்னடையாளம் வடிவம் பெறுகிறது என்று எழுதிய அவர், அது இளமையோடு முடிந்துவிடுவதில்லை என்பதையும் வலியுறுத்தினார். 1962ஆம் ஆண்டு அகமதாபாத்திற்கு வந்த அவர், 1918ஆம் ஆண்டு அந்நகரின் பஞ்சாலைத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தையும் அதில் காந்தியடிகள் ஆற்றிய பணியையும் ஆராய்ந்து, 1969இல் ஒரு நூல் வெளியிட்டார். அவ்வேலைநிறுத்தத்தின்போது காந்தியடிகளின் வயது 48. நடுவயதிலும் ஒருவரது வாழ்க்கை புதிய திசை பெறக்கூடும் என்பதற்கு அது சான்றாகும். ஐம்பது வயதில் பக்கவாதம் வந்தவரும், நாற்பது வயதில் கையில் காயமுற்றவரும் இதனை நினைவிற்கொள்வது நன்று.

நாளின் அளவு, ஆண்டின் அளவு

தன்னடையாளத்தை ஆராய்வோர் இரண்டு கால அளவுகளைக் கையாள்கின்றனர். நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் வான் ஹீர்ட், ஹார்க்கே போஸ்மா, சாஸ்கியா குன்னன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2008ஆம் ஆண்டில் இதனைத் தெளிவுற எடுத்துரைத்தனர். மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் நிகழும் சிறு அசைவுகள் ஒன்று. மாதங்களிலும் ஆண்டுகளிலும் நிகழும் பெரிய மாற்றம் மற்றொன்று. இரண்டையும் தனித்தனியே அளந்தால் மட்டும் போதாது. சிறு அசைவுகள் பெரிய மாற்றத்தை எவ்வாறு உருவாக்குகின்றன என்பதையும் அறிய வேண்டும் என்பதே அவர்கள் கருத்து.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இது எளிதில் விளங்கும். விரல் நுனியில் ஊசி குத்திப் பார்க்கும் அளவு அந்த நேரத்துச் சர்க்கரையைக் காட்டுகிறது. ‘மூன்று மாதச் சர்க்கரை’ என்று நாம் வழங்கும் எச்பிஏ1சி பரிசோதனையோ கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி நிலையைக் காட்டுகிறது. திருமண விருந்துக்கு மறுநாள் பார்த்த ஓர் அளவை மட்டும் கொண்டு நாங்கள் மருந்தை மாற்றுவதில்லை. அவ்வாறே, மூன்று மாதச் சராசரி நன்றாக உள்ளது என்பதற்காகத் திடீரெனச் சர்க்கரை தாழ்ந்து மயங்குவதைப் பொருட்படுத்தாமல் விடுவதும் இல்லை. ‘நான் யார்’ என்னும் உணர்வையும் இவ்விரு அளவுகோல்களாலும் பார்க்க வேண்டும்.

நாள்தோறும் நிகழ்வது

நெதர்லாந்தில் தேயோ கிளிம்ஸ்ட்ராவும் உடன் ஆய்வாளர்களும் வளரிளம் பருவத்தினரிடம் நாள்தோறும் சில கேள்விகளைக் கேட்டு, அதன் முடிவுகளை 2010ஆம் ஆண்டு வெளியிட்டனர். தாம் படிக்கும் கல்வி, தம் நெருங்கிய நட்பு ஆகியவை தமக்கு எவ்வளவு உறுதி தருகின்றன, அவற்றை மாற்றிக்கொள்ளலாமா என்று எவ்வளவு எண்ணுகின்றனர் என்பனவே அக்கேள்விகளின் சாரம். ஒரே பிள்ளையிடம்கூட இவ்வுறுதி ஒரு நாள் கூடியும் மறுநாள் குறைந்தும் காணப்பட்டது. இத்தகைய ஏற்ற இறக்கம் இயல்பானதே. ஆயினும், ஏற்ற இறக்கம் மிகுதியாக இருந்தவர்களிடம் பிற்பாடு உறுதி குறைந்தும் தடுமாற்றம் கூடியும் இருந்தன. அதாவது, அன்றாட அசைவுகள் வெறும் அலைகளாகக் கடந்து போவதில்லை. அவை சிறிது சிறிதாகச் சேர்ந்து நீண்டகால நிலையையும் உருவாக்குகின்றன.

இதிலிருந்து குடும்பத்தினர் இரண்டு உண்மைகளைக் கற்கலாம். ஒரு மோசமான நாளை வைத்து, “இவர் மாறிவிட்டார்” என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. அதே வேளையில், அன்றாடம் நாம் கூறும் சிறு சொற்களும் வீண்போவதில்லை. ‘உன்னால் இனி முடியாது’ என்பதும், ‘இந்தக் கணக்கை நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்’ என்பதும் நாள்தோறும் சேர்கின்றன.

ஆண்டுகளில் நிகழ்வது

நீண்ட கால அளவில் நிகழ்வதை ஆராய்ந்தவர்களுள் ஜேம்ஸ் மார்ஷியா முக்கியமானவர். 1966ஆம் ஆண்டில் அவர் நான்கு நிலைகளை வகுத்தார்: எதையும் தேடாமலும் எதிலும் உறுதிகொள்ளாமலும் இருப்பது, தேடாமலேயே பிறர் காட்டிய வழியை ஏற்றுக்கொள்வது, தேடிக்கொண்டே இருப்பது, தேடி ஆராய்ந்த பின் ஒன்றில் உறுதிகொள்வது. பின்னர் இத்துறையில் வெளிவந்த பல ஆய்வுகளை ஜேன் குரோகரும் மார்ஷியாவும் உடன் ஆய்வாளர் ஒருவரும் ஒன்றுசேர்த்து 2010இல் மதிப்பிட்டனர். இளையோரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், ஏறத்தாழ நூற்றுக்கு 49 பேர் இருந்த நிலையிலேயே இருந்தனர். 36 பேர் முன்னேறினர். 15 பேர் பின்னடைந்தனர். மாறுவோரில் முன்னேறுவோரே மிகுதி என்பது ஆறுதல் தரும் செய்தி. பின்னடைவதும் இயற்கையே என்பது நாம் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி.

இந்த வகைப்பாட்டை நம் ஊருக்கு அப்படியே பொருத்துவது சரியன்று. பெற்றோர் காட்டிய வழியில் செல்வதைக் குறையாக நாம் கருதுவதில்லை. இந்திய உளப்பகுப்பாய்வாளர் சுதிர் கக்கர், எரிக்சனை அகமதாபாத்தில் சந்தித்து, பின்னாளில் அவருடன் பணியாற்றியவர். இந்தியரின் ‘நான்’ என்பதில் குடும்பமும் உறவும் ஆழமாகப் பின்னியுள்ளதை அவர் தம் நூல்களில் எடுத்துக்காட்டினார். இங்கு ஒருவர் நோயுறும்போது அவரது ‘நான்’ மட்டுமன்று, குடும்பத்தின் ‘நாம்’ என்பதும் அசைகிறது.

நம் பகுதியின் வரலாறும் நீண்ட கால மாற்றத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. கேழ்வரகும் மாவும் விளைந்த மண்ணில் 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது. 1980களில் லாரி, மொபெட், கைக்கடிகார ஆலைகள் இயங்கின. இன்று மின்னணு ஆலைகளும் வந்துள்ளன. தாத்தா விவசாயி, தந்தை இயந்திரப் பணியாளர், பேத்தி கைப்பேசி உதிரிபாகங்களைப் பொருத்துபவர் என்னும் குடும்பங்கள் இங்கு உண்டு. எவரும் ஒரே நாளில் மாறிவிடவில்லை. பழையதில் சிலவற்றை வைத்துக்கொண்டு புதியதில் சிலவற்றைச் சேர்த்தே மாறினர். நோய்க்குப் பின் ஒருவர் மாறுவதும் இவ்வாறே.

நோய் வரும்போது

முடக்குவாதம் என்னும் மூட்டு அழற்சி நோயுற்றவர்களிடம் உரையாடிய ஆங்கிலேய சமூகவியலாளர் மைக்கேல் பரி, நீண்ட கால நோய் என்பது ஒருவரது வாழ்க்கை வரலாற்றிலேயே ஏற்படும் முறிவு என்று 1982ஆம் ஆண்டு எழுதினார். நாளை என்ன செய்வோம், பத்து ஆண்டுகளில் எங்கு இருப்போம் என்று மனத்தில் எழுதி வைத்திருந்த கதை இடையில் அறுந்துபோகிறது. எனவேதான், “எனக்கு ஏன் இது வந்தது?” என்று மருத்துவக் காரணத்தை நாங்கள் விளக்கிய பின்னும் நோயாளர் திரும்பத் திரும்பக் கேட்கின்றனர். அவர்கள் கேட்பது கிருமியைப் பற்றியோ சர்க்கரையைப் பற்றியோ மட்டுமன்று. அறுந்த கதையை எங்கிருந்து தொடர்வது என்பதைப் பற்றியும்தான்.

பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முதல்வகை நீரிழிவு உள்ள இளையோரை ஆராய்ந்து, நோய் ஒருவரது தன்னடையாளத்தில் இடம்பெறும் நான்கு விதங்களை 2016இல் வெளியிட்ட ஆய்வில் விவரித்தனர்.

முதலாவது, மறுத்தல்: நோயைத் தம்முடையதாக ஏற்காமல் மறைப்பது. இரண்டாவது, மூழ்குதல்: ‘நான் நோயாளி, வேறொன்றும் இல்லை’ என்று நோயிலேயே அமிழ்ந்துபோவது. மூன்றாவது, ஏற்றல்: நோய் என் வாழ்வின் ஒரு பகுதி, முழுமையன்று என்று கொள்வது. நான்காவது, செழுமை: நோயின் வழியே சில பண்புகளைப் பெற்றதாக உணர்வது.

மறுத்தல் மிகுந்தவர்களிடம் சிகிச்சையைப் பின்பற்றுவது குறைந்தும் சர்க்கரைக் கட்டுப்பாடு மோசமாகவும் இருந்தன. மூழ்குதல் மிகுந்தவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் கூடுதலாக இருந்தன. ஒரே மனிதரிடம் இந்நான்கும் வெவ்வேறு அளவில் கலந்திருக்கலாம்.

இது வெறும் கோட்பாடு அன்று. முதல்வகை நீரிழிவுள்ள ஓர் இளம்பெண்ணை எண்ணிப் பாருங்கள். ஆலை விடுதியில் ஆறு பேர் தங்கும் அறையில் இருக்கிறார். தோழியர் பார்த்துவிடுவர் என்று இன்சுலின் பேனாவைத் துணிகளுக்கு அடியில் மறைக்கிறார். இரவு ஷிப்ட் நாள்களில் ஊசியைத் தவிர்க்கிறார். அவர் காக்க விரும்புவது ‘நான் மற்றவர்களைப் போன்றவள்’ என்னும் அடையாளத்தை. ஆனால் முதல்வகை நீரிழிவில் இன்சுலினை நிறுத்தினால், ஓரிரு நாள்களிலேயே இரத்தத்தில் அமிலம் கூடி உயிருக்கு ஆபத்து நேரலாம். “ஏன் ஊசி போடவில்லை?” என்று கடிந்துகொள்வதால் அவர் மேலும் மறைப்பாரேயன்றி மாறமாட்டார். நம்பிக்கைக்குரிய ஒரு தோழியிடமாவது நோயைக் கூறவும், சர்க்கரை தாழ்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை அத்தோழிக்குக் கற்றுத்தரவும் உதவினால், மறுத்தல் மெல்ல ஏற்றலாக மாற வழி பிறக்கும்.

கை காயமுற்ற ஒருவரின் ஆறு மாதங்கள்

வார்டில் நாங்கள் பொதுவாகக் காண்பவற்றை ஒன்றுசேர்த்து இன்னோர் எடுத்துக்காட்டை அமைத்துள்ளோம். இது தனி ஒருவரின் கதை அன்று.

பிரஸ் இயந்திரத்தில் வலக்கையின் இரு விரல்களை இழந்த ஒருவர் அறுவை சிகிச்சைக்குப் பின் வீடு திரும்புகிறார். முதல் வாரம் உறவினர் கூட்டம். அவர் கலகலப்பாகப் பேசுகிறார். இரண்டாம் வாரம் வீடு அமைதியாகிறது. எவரிடமும் பேசாமல் கையைத் துண்டால் மூடிக்கொள்கிறார். சட்டைப் பொத்தானை மனைவி போட்டுவிட்டால் எரிந்து விழுகிறார்; போடாவிட்டாலும் எரிந்து விழுகிறார். ஒரு நாள் பிசியோதெரபிக்கு ஆர்வமாகச் செல்கிறார். மறுநாள் வர மறுக்கிறார். மூன்றாம் மாதத்தில், ஆலையில் புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர் இயந்திரத்தைப் பற்றிய ஐயத்தைத் தொலைபேசியில் கேட்கிறார். அரை மணி நேரம் விளக்குகிறார். அன்று இரவு தாமாகவே இடக்கையால் சோற்றைப் பிசைந்து உண்கிறார். ஆறாம் மாதத்தில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை கேட்கலாமா என்று யோசிக்கிறார்.

நாள் அளவில் பார்த்தால் இது ஏற்றமும் இறக்கமுமான குழப்பம். மாத அளவில் பார்த்தால் ஒரு திசை தெரிகிறது. ‘கையால் வேலை செய்பவன்’ என்னும் அடையாளம் ‘இயந்திரத்தை அறிந்தவன்’ என்பதாக மாறுகிறது. அதைத் தொடங்கி வைத்தது பெரிய அறிவுரை அன்று; அவருடைய அறிவைத் தேடி வந்த ஒரு தொலைபேசி அழைப்பு.

குடும்பத்தினர் செய்யக்கூடியவை

நோயாளர் வீட்டில் ஏற்றிருந்த பொறுப்புகளில் ஒன்றையாவது அவரிடமே விட்டுவையுங்கள். பால் கணக்கு, பிள்ளையின் வீட்டுப்பாடம், சீட்டுப் பணம் என எதுவாயினும் சரி.

அவர் முன்னிலையில் அவரைப் பற்றி மூன்றாம் மனிதரைப் போலப் பேசாதீர்கள். மருத்துவர் கேட்கும் கேள்விக்கு முதலில் அவரே விடையளிக்கட்டும். விடுபட்டதை நீங்கள் பிறகு கூறலாம்.

‘சுகர்காரர்’, ‘கை போனவர்’ என்று நோயால் அழைப்பதை உறவினரிடத்தும் தடுங்கள்.

அவர் எந்த மொழியில் மனம்விட்டுப் பேசுவாரோ அம்மொழியிலேயே எங்களிடம் பேசச் சொல்லுங்கள். வலியையும் வருத்தத்தையும் தாய்மொழியில் கூறுவதே பலருக்கு எளிது.

ஒரு சிறு குறிப்பேட்டில் நாளொன்றுக்கு ஒரு வரி எழுதுங்கள்: இன்று என்ன செய்தார், மனநிலை எவ்வாறு இருந்தது. நான்கு வாரங்கள் கழித்துப் படித்தால், அன்றாடக் கவலையில் புலப்படாத முன்னேற்றமோ சரிவோ புலப்படும். அடுத்த முறை வரும்போது அக்குறிப்பேட்டை எங்களிடம் காட்டுங்கள்.

உங்களையும் மறவாதீர்கள். பராமரிப்பவரும் ‘நான் மகள்’, ‘நான் மனைவி’ என்னும் நிலையிலிருந்து ‘நான் செவிலி’ என்னும் நிலைக்குத் தள்ளப்படுகிறார். வாரத்தில் சில மணி நேரமாவது வேறொருவரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு, உங்களுக்குரியதைச் செய்யுங்கள். வீட்டுக்கே வந்து மருந்தும் பிசியோதெரபியும் தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பெற்றது. தகுதியுள்ளோர் அத்திட்டத்தின் பணியாளர்களை அணுகலாம்.

எப்போது எங்களிடம் வர வேண்டும்?

இங்கும் கால அளவே வழிகாட்டி.

சில நிமிடங்களிலோ மணி நேரத்திலோ ஒருவர் ஆள் மாறியவர் போல் நடந்துகொண்டால் — பேச்சு குழறுதல், இடம் தெரியாமை, காரணமற்ற கோபம், மிகுந்த உறக்கம் — அது மனமாற்றம் அன்று. சர்க்கரை தாழ்வு, பக்கவாதம், கிருமித் தொற்று போன்ற உடற்காரணம் இருக்கலாம். உடனே 108 ஆம்புலன்சை அழையுங்கள்.

நாளுக்கு நாள் மனம் ஏறி இறங்கினால் அது பெரும்பாலும் இயல்பே. பொறுமையுடன் கவனியுங்கள்.

பெரும்பாலான நாள்களில், இரண்டு வாரங்களுக்கு மேல், மனத்தளர்ச்சியோ எதிலும் நாட்டமின்மையோ தொடர்ந்தால் அது சிகிச்சைக்குரிய மனச்சோர்வாக இருக்கலாம். அதனை ‘வருத்தம்தானே’ என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் கூறுங்கள்.

வாழ விருப்பமில்லை என்று ஒருவர் ஒரு முறை கூறினாலும் காத்திருக்க வேண்டாம். அவரைத் தனியே விடாமல் உடனே அழைத்து வாருங்கள். மைய அரசின் ‘டெலி மானஸ்’ மனநலச் சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மொழிகளிலும் பேசலாம். தமிழக அரசின் 104 சேவையும் உண்டு.

ஆண்டுகளில் நிகழும் மாற்றத்திற்கோ அவசரச் சிகிச்சை தேவையில்லை, உடனிருப்போர் தேவை.

கதவருகே நின்று, “நான் பழைய ஆளாக இல்லை” என்று கூறுவோரிடம் நாங்கள் இப்போது அமரச் சொல்கின்றோம். பழைய ஆளாக ஆகிவிடுவீர்கள் என்று பொய்யுரைப்பதில்லை. நோய்க்கு முன்னரும் எவரும் ஒரே ஆளாக நின்றுவிடவில்லை. ‘பழைய ஆளிடம் இருந்தவற்றுள் எதை உடன் எடுத்துச் செல்ல விரும்புகிறீர்கள்?’ என்றே கேட்கின்றோம். விடை அன்றே கிடைப்பதில்லை. அடுத்த வருகையிலோ, அதற்கடுத்த வருகையிலோ கிடைக்கிறது. அதுவரை நாங்கள் காத்திருக்கின்றோம். வீட்டில் நீங்களும் அக்கேள்வியைப் பொறுமையுடன் கேட்டு வாருங்கள்.